ஆளுநரின் விலகல் சுற்றுப்பயணம்

பதவியைத் துறந்த மகான்களைப் பற்றி உலகம் நிறையவே பேசிவிட்டது. கிடைக்கவே கிடைக்காத பதவியைத் துறக்க மறுத்த மகான் ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் ஆளுநர் வெண்டல் ஹாஃப்ஸ்டட் அவர்கள்தான். அவருக்கு மேடைப்பேச்சு எழுதிக் கொடுக்கும் பாக்கியம் பெற்றவன் என்ற முறையில் இந்த வரலாற்றைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதற்கு அமெரிக்காவிலேயே முதலில் கூடி வாக்களிப்பது நான் பிறந்த அயோவா மாநிலம். போட்டியில் ஏழு பேர் இருந்தார்கள். ஜனவரி முதல் வாரக் கருத்துக்கணிப்பில் ஆளுநருக்கு ஒரு சதவீத ஆதரவு. பிரசார மேலாளர் ட்ரூடி 'உயர்மட்டக் குழு'வை அவசரமாகக் கூட்டினாள். குழு என்பது நாங்கள் மூன்று பேர்.

"பிழை வரம்பு மூணு சதவீதம்னு போட்டிருக்கான். அப்படின்னா நமக்கு நாலுகூட இருக்கலாம்," என்றார் ஆளுநர்.

"மைனஸ் ரெண்டாவும் இருக்கலாம் சார்," என்றாள் ட்ரூடி.

"உனக்கு எப்பவும் கெட்டதுதான் கண்ணுல படும்."

இந்த இடத்தில் ஒரு பாலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆளுநர் ஆள்வது அயோவாவை அல்ல. மேற்கே உள்ள ஒரு மலை மாநிலத்தை. அங்கே கார்வர் என்ற ஊருக்கும் அதன் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓர் ஆறு. ஆற்றுப் பாலம் விரிசல் கண்டு செப்டம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது. பழுதுபார்க்கும் உத்தரவு தயார். ஆளுநரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஆனால் அவர் தொலைக்காட்சி விவாதத்தில், "நான் வேட்பாளராக இருக்கும்வரை எந்தச் செலவுக் காகிதத்திலும் கையெழுத்திட மாட்டேன்!" என்று முழங்கியிருந்தார். அந்த வாக்கியத்தை எழுதியவன் அடியேன். அரங்கில் ஒன்பது பேர் கைதட்டினார்கள். ஆளுநரோ சொன்ன சொல் தவறாதவர். ஆக, அவர் போட்டியிலிருந்து விலகினால்தான் பாலம். அதுவரை கார்வர் பிள்ளைகள் மலையைச் சுற்றி நாற்பத்தைந்து மைல் பயணம் செய்து 'உலக அறிவு' பெற்றுவந்தார்கள்.

ட்ரூடி இன்னொரு கருத்துக்கணிப்பு எடுத்தாள். "ஹாஃப்ஸ்டட் விலகினால் அவர்மேல் உங்கள் மதிப்பு உயருமா?" என்பது கேள்வி. நாற்பத்தாறு சதவீதம் பேர் உயரும் என்றார்கள்.

"சார், நம்மகிட்ட இருக்கறதுலயே பலமான கொள்கை இதுதான்," என்றாள்.

ஆளுநர் நெடுநேரம் யோசித்தார். பிறகு நாட்டு நலன் கருதி விலகச் சம்மதித்தார். விலகல் உரையை நான் பத்தே நிமிடத்தில் நீட்டினேன். ஆகஸ்டிலிருந்தே அது என் பெட்டியில் இருந்தது.

எல்க் ஃபோர்டு என்ற ஊரின் தேவாலயக் கூடத்தில் விலகல் விழா. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள்! அதற்குமுன் எங்களுக்குக் கூடிய பெரிய கூட்டம் பத்தொன்பது பேர். அதிலும் பதினொரு பேர் ரத்ததானம் செய்ய வந்து வழி தவறியவர்கள். ஆளுநர் தழுதழுத்த குரலில், "இத்துடன் உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்," என்றார்.

எங்கள் அயோவாவில் வழக்கம் ஒன்று உண்டு. விருந்தாளி கிளம்பினால் 'சரி, போங்க' என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எப்போதடா போவான் என்று காத்திருந்த விருந்தாளியானாலும், அவன் எழுந்ததும் முகம் வாடி, அதற்குள்ளாகவா என்று மூன்று முறை கேட்போம். வாசல்வரை வந்து, கார் கண்ணாடி வழியாகவும் ஒரு முறை கேட்போம். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு பெருமூச்சு விடுவோம்.

"அட, அதுக்குள்ளயா?" என்றது முன்வரிசை.

"இப்பத்தானே வந்தீங்க! இன்னும் கொஞ்சம் இருக்கலாமே!"

"ஒரு காபியாவது குடிச்சிட்டுப் போங்க!"

ஆளுநரின் மலைநாட்டில் விருந்தாளி எழுந்தால் 'சரி' என்று சொல்லி விளக்கை அணைத்துவிடுவார்கள். அவர் கண் கலங்கிவிட்டது.

"கேட்டியா ட்ரூடி? முந்நூறு பேரு! போகாதேங்கறாங்க! இது மக்கள் ஆணை!"

மக்கள் ஆணையை மீற அவர் என்ன சர்வாதிகாரியா? விலகல் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் அடுத்த ஊரில் நானூறு பேர் முன்னிலையில் விலகினார்; அங்கேயும் மக்கள் விடவில்லை. பத்திரிகைகள் முதல்முறையாக அவர் பெயரைப் பிழையின்றி அச்சிட்டன. இப்படி ஐந்து ஊர்களில் விலகி, ஐந்திலும் நிலைத்து நின்றார்.

ஆறாவது ஊரில் அவர் விடைபெற்று, மக்கள் வழக்கம்போல "அதுக்குள்ளயா?" என்றதும், பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். பெயர் மார்லீன் ட்வைட். கார்வரின் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர். பதினான்கு மணி நேரம் காரோட்டி வந்திருந்தார்.

"அதுக்குள்ளயா இல்ல, இதுவே ரொம்ப லேட்டு! கிளம்புங்க!"

காபிக் கூஜாவோடு நின்ற அம்மாள், "ஏம்மா, வீட்டுக்கு வந்தவங்ககிட்ட இப்படியா பேசுவாங்க?" என்றார்.

"எங்க வீட்டுக்கு வரவேண்டியவருங்க அவரு. உங்க வீட்டுல வந்து உக்காந்திருக்காரு. ஆறு வயசுப் புள்ளைங்க இருட்டுல அஞ்சரை மணிக்கு என் பஸ்ல ஏறுதுங்க. போன வாரம் ஒரு பொண்ணு வளைவுல வாந்தி எடுத்துட்டு, பள்ளிக்கூடமே வேண்டாம்னு அழுதுச்சு. ஒரு கையெழுத்துங்க. ஒண்ணே ஒண்ணு."

ஆளுநர் மேடையிலிருந்து இறங்கி மார்லீனையும் எங்களையும் பின்னறைக்கு அழைத்துப் போனார். முகம் வெளுத்திருந்தது. ட்ரூடி பாலத்து உத்தரவைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் பேனாவைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ இந்த ஊர்க்காரன். உண்மையைச் சொல்லுப்பா. இவங்க நிஜமாவே என்னை இருக்கச் சொல்றாங்களா?"

பதினொரு மாதத்தில் அவர் கேட்ட முதல் நேர்மையான கேள்வி அது. அதற்குப் பதில் எனக்குத் தொட்டிலிலிருந்தே தெரியும். அவர் விலகினால் வெள்ளிக்கிழமையோடு என் வேலை போய்விடும் என்பதும் தெரியும்.

"இருங்க சார்," என்றேன். "அதுக்குள்ள என்ன அவசரம்?"

ஆளுநர் என் தோளைத் தட்டிவிட்டுப் பேனாவை மூடினார். மக்களைச் சந்திக்க வெளியே போனார். ட்ரூடி காகிதத்தை மடித்தாள். மார்லீன் கையுறைகளை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது," என்றார் மெதுவாக. "உங்களுக்குத் தெரியும்ல?"

முகத்துக்கு நேரே இப்படிக் கேட்பது எங்கள் மாநிலத்தில் நாகரிகமில்லை. தவிர, பதில் சொல்ல எனக்கு நேரமும் இல்லை. அயோவாவுக்கு அடுத்து வாக்களிக்கும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் எட்டு ஊர்களில் ஆளுநர் விலகவேண்டியிருக்கிறது. எட்டையும் நான்தான் எழுத வேண்டும்.