பதினாறு பக்க அண்ணாச்சி

முந்நூற்று இருபது பக்க விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஒரு குகைக்குள் எப்படி நுழைவது என்று தெரியாமல் செத்தவன் நான். செத்தது காகிதத்தில் இருந்த என் வீரன்தான். முட்டாள்தனம் மட்டும் முழுக்க என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால்தான் பதினாறு பக்க அண்ணாச்சியைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை வரும்.

வெறும் பதினாறு பக்கத்தை வைத்துக்கொண்டு ஓர் உலகத்தையே கட்டி ஆண்டவர் இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். சிவகாசி அச்சகம் ஒன்றில் அவர் கட்டிங் மெஷின் ஓட்டினார். நான் அங்கே கம்ப்யூட்டரில் காலண்டர் வடிவமைத்தேன், அதாவது சாமி படத்துக்குக் கீழே ஜவுளிக்கடைப் பெயரைச் சாமியைவிடப் பெரிதாக்கினேன்.

எப்போதோ வந்த வெளிநாட்டு ஆர்டர் ஒன்று. பூதமும் டிராகனும் வாளும் நிறைந்த கதை விளையாட்டுக்கான விதிப் புத்தகம். ஒருவர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி, 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்லி ஆட வேண்டும். கலர் சரிபார்க்க ஓட்டிய வேஸ்ட் தாள் ஒன்றை அண்ணாச்சி மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மடித்தால் அந்தப் பெரிய அச்சுத் தாளுக்குப் பதினாறு பக்கம். பதினேழில் தொடங்கி முப்பத்திரண்டில் நிற்கும். முதல் வரியே, 'ஆகவே அவன் இறந்துபோவான்' என்று நட்டநடுவில் ஆரம்பிக்கும். யார், எதனால் என்பதெல்லாம் பதினாறாம் பக்கத்தோடு கப்பலேறிவிட்டது. டிக்‌ஷனரி வைத்துப் படித்த அண்ணாச்சி அதையே முதல் விதியாக்கிவிட்டார்.

ஆட்டத்துக்கு வேண்டிய இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? தினக்காலண்டரில் ஒன்றாம் தேதியிலிருந்து இருபது வரை கிழித்து, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். ஒருமுறை என் வீரன் கயிற்றுப் பாலத்தில் ஓடும்போது நான் எடுத்த சீட்டு பதினெட்டு. பெரிய எண் வந்தால் ஜெயம் என்பதால் துள்ளிக் குதித்தேன். அண்ணாச்சி சீட்டை வாங்கிக் கீழே பொடி எழுத்தைப் படித்தார்.

"கரிநாள்னு போட்டிருக்கு."

"பதினெட்டு அண்ணாச்சி!"

"கரிநாள்ல பதினெட்டு என்னலே செய்யும்?"

பாலம் அறுந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீட்டு மாடியில் ஆட்டம். அவருடைய தங்கை முத்துமாரி அக்கா, அக்காவின் வீட்டுக்காரர், நான். அவர்கள் இருவரும் விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள்.

இந்த அநியாயம் பொறுக்காமல்தான் நான் பிரவுசிங் சென்டருக்குப் போய், அதே மாதிரி விளையாட்டின் புத்தம்புது விதிகளை முந்நூற்று இருபது பக்கமும் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்தேன். குதிக்க விதி, நீந்த விதி, பொய் சொல்லக்கூட விதி.

"அறையைத் தேடுறேன் அண்ணாச்சி."

"எங்கன தேடுறே? கட்டிலுக்கு அடியிலயா, கூரையிலயா? கையை விடுவியா, கம்பை விடுவியா?"

"அதெல்லாம் சொல்ல வேண்டாம். என் வீரனுக்குத் தேடுற திறமை பதினாலு இருக்கு."

"அவனுக்கு இருக்கு. உனக்கு?"

ஒரு ஞாயிறு பிடிவாதம் பிடித்து என் விதிப்படி ஆடவைத்தேன். மூன்று எலிகளோடு சண்டை. கால்குலேட்டரைத் தட்டித் தட்டி, காலை இட்லியில் தொடங்கியது மதியச் சோறு வரை முடியவில்லை. "தம்பி, எலிமருந்து வச்சிருந்தா இந்நேரம் செத்திருக்கும்" என்றார் முத்துமாரி அக்கா.

அடுத்த வாரம் பழையபடி பதினாறு பக்கம். டிராகன் குகை வாசலில் நிற்கிறோம்.

"உள்ளருந்து கந்தக வாடை வருது" என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான் சொன்னார்.

அக்கா யோசிக்கவே இல்லை. "செருப்பைக் கழட்டுறேன். பந்தத்தை அம்புட்டுத் தள்ளி அணைச்சு வைக்கேன். வாசல்ல செம்புத் தகடு இருக்கா அண்ணே?"

"இருக்கு."

"தொட்டுட்டு உள்ள போறேன்."

"நானும் அப்படித்தான். வாளையும் வெளிய வைக்கேன். இரும்பு உரசக் கூடாது" என்றார் வீட்டுக்காரர்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பட்டாசு அறைக்குள் நுழையுமுன் உடம்பு மின்சாரம் இறங்கத் தொடுகிற தகட்டை டிராகன் தன் வீட்டு வாசலில் பதித்து வைத்திருக்குமா? வாளில்லாமல், வெறுங்காலோடு, இருட்டில் சண்டையா? "பந்தம் நாற்பதடிக்கு வெளிச்சம் தரும், பக்கம் நூற்று அறுபத்து நாலு" என்று அறிவித்துவிட்டு, லாடம் அடித்த பூட்ஸும் எரியும் பந்தமுமாக என் வீரனை உள்ளே அனுப்பினேன்.

அண்ணாச்சி டப்பாவைத் தொடவே இல்லை. "ஆகவே அவன் இறந்துபோவான்" என்றார், மெதுவாக.

ஒரு வருஷம் பாடுபட்டு வளர்த்த வீரன். "சீட்டே எடுக்கலியே! கந்தகத்துக்கு எங்கன விதி இருக்கு, காட்டுங்க பாப்போம்!"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம் நகக்கண்ணில்.

"விதி இல்லாமயா தம்பி நாங்க தெனமும் வெறுங்காலோட உள்ள போறோம்?"

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ரோஷம் என்று அப்போது நினைத்தேன். வெட்கம் என்று தெரிய நாலு ஞாயிறு ஆயிற்று. அந்த நாலு ஞாயிறும் முந்நூற்று இருபது பக்கத்தையும் திரும்பப் படித்தேன். எல்லாம் இருந்தது. 'நீ என்னலே செய்வே?' என்று கேட்கத்தான் அதில் ஆளில்லை.

இன்றைக்கும் புது முதலாளியின் அறையோ மாமியார் வீடோ, வாசலில் ஒரு நிமிஷம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நுழைகிறேன். பல இடங்களிலிருந்து உயிரோடு திரும்பியிருக்கிறேன் என்றால் அது அந்த மாடி போட்ட பிச்சை.

ஐந்தாவது ஞாயிறு வெறுங்கையோடு படியேறினேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பாயில் என் இடத்தில் யாரும் உட்காரவில்லை. அங்கே ஒரு வெள்ளைத் தாள், அதன்மேல் சீவி வைத்த பென்சில்.

வாசலிலேயே நின்றேன். "அண்ணாச்சி, புது வீரன் ஒருத்தனைச் சேத்துக்கிடுவீகளா?"

அவர் டப்பாவைக் குலுக்குவதை நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"செருப்பைக் கழட்டிட்டு வாலே."