தெரியாது சார்!

நான் அடிப்படையில் பயந்தாங்கொள்ளி. அதை மறைக்கத்தான் இருபத்திரண்டு வயதில் தோள்வரை முடி வளர்த்தேன். முடியோடு பாசிமணி, கால்சட்டையில் நானே தைத்த ஒட்டு, வேலைக்கே போகமாட்டேன் என்ற கொள்கை. ஆவடியில் அப்பாவுக்குத் தொழிற்சாலை கொடுத்த குவார்ட்டர்ஸில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "இந்த சிஸ்டமே வேண்டாம்" என்று தத்துவம் பேசுவேன். (சிஸ்டம் கொடுத்த மின்விசிறியை மட்டும் நிறுத்த விடமாட்டேன்.)

அந்தச் சமயத்தில் திருவண்ணாமலையில் என்னைப் போன்ற நாற்பது பேர் கூடி மூன்று நாள் மேளம் அடித்தோம். அங்கேதான் யோனாஸ் பழக்கமானான். எந்த நாடு என்று கேட்டால், "நாடு என்று ஒன்றே கிடையாது" என்றான். நான் உருகிப்போனேன். "என் வீடு உன் வீடு, எப்போது வேண்டுமானாலும் வா" என்று கட்டிப்பிடித்து விலாசமும் எழுதிக் கொடுத்தேன். நம் ஊரில் இப்படிச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். யோனாஸுக்கு அது தெரியவில்லை.

அடுத்த மாதம் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, கேட்டில் நிற்கும் காவலாளி அண்ணன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"நைனா, கேட்டாண்ட ஒரு வெள்ளக்காரன் வந்து கீறான். கால்ல செருப்பு இல்ல, தோள்ல மேளம். உன் பேரையே சொல்லிக்கினு கீறான். இன்னா மேட்டரு?"

ராணுவத்துக்குச் சாமான் செய்கிறவர்களின் குடியிருப்பு அது. வெளிநாட்டுக்காரர்கள் அனுமதியில்லாமல் வரக்கூடாது என்று கேட்டிலேயே பெரிய பலகை இருந்தது. அப்பா ஓய்வு பெற இன்னும் எட்டே மாதம். விசாரணை, சஸ்பெண்ட், பென்ஷன் போச்சு, வீட்டைக் காலி செய் என்று கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மனதுக்குள் குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் யோனாஸ், "பிரதர்!" என்று இரண்டு கையையும் விரித்தான். பக்கத்தில் செக்யூரிட்டி ஆபீசர் நோட்டோடு நின்றார்.

"தம்பி, இவரைத் தெரியுமா?"

"தெரியாது சார்."

அவ்வளவு தெளிவாக வாழ்க்கையில் நான் எதையுமே சொன்னதில்லை. எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை போலும் என்று நினைத்து யோனாஸ் செல்போனை எடுத்துக் காட்டினான். கன்னத்தோடு கன்னம் வைத்து நாங்கள் இருவரும்! ஆபீசர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது யாரு?"

"என்னை மாதிரி இருக்கு சார்."

அப்போதுதான் யோனாஸுக்குப் புரிந்தது. நீட்டியிருந்த செல்போனை மெல்ல இறக்கிக்கொண்டான். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆபீசர் ஏற்கெனவே தொழிற்சாலைக்குப் போன் போட்டிருந்தார். கிரீஸ் கறை படிந்த யூனிஃபார்மோடு அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"சார், இவரு எம் மவனோட விருந்தாளி. ரூல் தெரியாம வந்துட்டாரு. என் பேருலயே எழுதிக்கிடுங்க" என்றார். நோட்டில் கையெழுத்துப் போடும்போது தேதியைத் தப்பாக எழுதி, அடித்துத் திருத்தினார். அவருக்கும் என் அளவுக்குப் பயம் இருந்திருக்கிறது. பென்ஷன் அவருடையதல்லவா?

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏலே, பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லணும். மனுசனையே தெரியாதுன்னா சொல்லுவ?"

யோனாஸை ஸ்டேஷன் பக்கத்து மெஸ்ஸுக்கு அழைத்துப் போய், பக்கத்திலேயே உட்கார்ந்து, "ஈட், ஈட்" என்று மூன்று முறை சோறு போடச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த நான் யோனாஸின் டம்ளரில் தண்ணீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் முடியை வெட்டிக்கொண்டேன். அடுத்த எட்டு மாதமும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். ஒன்றும் வரவில்லை. பென்ஷன்தான் வந்தது.

இப்போது நாங்கள் திருநின்றவூரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். யோனாஸ் வருடத்துக்கு ஒருமுறை போன் செய்கிறான், அப்பாவுக்கு. இவருடைய ஆங்கிலம் அவனுக்குப் புரியாது, அவனுடையது இவருக்கும் புரியாது. ஆனாலும் அரைமணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். கடைசியில் அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு, வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்பார்:

"ஏலே, நீயும் பேசுதியா? இல்ல, ஆளைத் தெரியாதா?"