ஜன்னலோரக் கட்டில்காரர் கேட்ட கேள்வி

இந்தக் கதையில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அம்ரீன் சொல்வது ஒரு விதம். வீரலட்சுமி சொல்வது வேறு விதம். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால் அது மூன்றாவது விதம். ஆனால் முனியசாமி கேட்ட கேள்வி இரண்டே சொற்கள்தான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"டிகிரி இருக்கா?"

கேட்டவர் திருவாடானைப் பக்கத்து விவசாயி. காலில் முள் ஏறி, சர்க்கரையால் புண் ஆறாமல், இராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். அவர் முதலில் கேட்டது வீரலட்சுமியிடம். அந்த மருத்துவமனையோடு சேர்ந்த செவிலியர் கல்லூரியில் அவள் ஜி.என்.எம். மூன்றாம் ஆண்டு. திருப்பாலைக்குடிக்காரி. அவள் ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று வார்டு முழுக்கப் பெயர்.

"டிப்ளமோங்கய்யா," என்றாள் அவள், பி.பி. கருவியைப் பிரித்துக்கொண்டே.

"அப்ப வேணாம் தாயி. போ."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கையைக் கேட்டாள், தரவில்லை. காலைக் கேட்டாள், போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

அவள் டியூட்டி அறைக்குத் திரும்புவதற்குள் செய்தி அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

"பாத்தியா, பொதுஜனத்துக்கே வித்தியாசம் தெரியுது," என்றாள் பி.எஸ்சி. மாணவி கலைச்செல்வி.

"டிகிரின்னு கழுத்துல அட்டையத் தொங்கவிட்டா ஊசி தானா ஏறிருமாக்கும்? மொதல்ல நரம்பக் கண்டுபிடிங்கடி," என்றாள் வீரலட்சுமி.

"நாங்க நாலு வருசம் படிக்கிறோம்!"

"ஆமா, நாலு வருசமா நரம்பத் தேடுறீங்க. நாங்க மூணு வருசத்துல கண்டுபிடிச்சிட்டோம்."

அன்று மதியம் விடுதிச் சாப்பாட்டு அறையில் டிகிரி மேசை, டிப்ளமோ மேசை என்று இரண்டு உண்டாயின. ரசம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அம்ரீன் தட்டோடு நடுவில் நின்றாள். அவள் பி.எஸ்சி. ஆனால் அறைத்தோழி வீரலட்சுமி.

"எனக்காக ஒரு வார்த்த பேச மாட்டியாடி?" என்றாள் வீரலட்சுமி.

அம்ரீன் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. வீரலட்சுமி அதற்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

உண்மையில் அது அம்ரீனுக்குப் பழைய வியாதி. பாடம் எல்லாம் தெரியும். யாராவது கேட்டால் மட்டும் வராது. செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றது இதனால்தான். முதல் முறை, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அதிர்ச்சி நிலையின் அறிகுறிகள் என்ன என்று கேட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் காட்டினாள். முகம் வெளுத்தது, நெற்றி வியர்த்தது, கை சில்லிட்டது. இரண்டாம் முறை வந்தவர் இரக்கப்பட்டு, நோயாளியின் பெயரை மட்டும் சொல்லச் சொன்னார். அவள் தன் பெயரைச் சொன்னாள்.

கீழக்கரையில் உம்மா அழுதாள். வளைகுடா நாட்டுத் தமாமிலிருந்து வாப்பா மஹ்மூது தொலைபேசியில் சொன்னார்: "இந்தத் தடவையும் இல்லேண்டா வீட்டுக்கு வந்துரும்மா. படிச்சது போதும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் பிரியமாகச் சொன்னார். பிறகு கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மின்விசிறிகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தத் தேர்வும் வந்தது. யாருக்கு எந்த நோயாளி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அம்ரீன் எடுத்தாள். ஜன்னலோரக் கட்டில். மற்ற மாணவிகள் ஒரே நேரத்தில் விட்ட பெருமூச்சில் சுவரிலிருந்த நாட்காட்டி ஆடியது.

முனியசாமியின் மனைவி நாகலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் இருக்கும்வரை அவர் பரம சாது. ஜன்னல் வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டு கிடப்பார். அவள் துணி அலசவோ, தண்ணீர் பிடிக்கவோ கீழே இறங்கினால்தான் அந்தக் கேள்வி வரும். பெண்டாட்டிக்குப் பயந்த மனிதர், வீரத்தை நர்சுகளிடம் காட்டுகிறார் என்பது வீரலட்சுமியின் கண்டுபிடிப்பு.

நாகலெட்சுமி குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முனியசாமி வாசலை ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"டிகிரி இருக்கா?"

"இருக்குய்யா," என்றாள் அம்ரீன். உடனே மனசாட்சி உறுத்தியது. "இல்ல... வரும்."

"எப்ப வரும்?"

"பாஸானா செப்டம்பர்ல."

"செப்டம்பரா! அதுவரைக்கும் நான் உசுரோட இருப்பனா தாயி?"

"ஒரே ஒரு பேப்பர்தாய்யா நிக்குது."

"பேப்பர்லாம் எனக்கு ஒத்துக்காது," என்று அவர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். "டிகிரி இல்லாம இன்னைக்கு ஒருத்தரும் கால்ல கை வைக்கப்பிடாது. சொல்லிட்டேன்."

அம்ரீன் ஓடிப்போய் ஆசிரியை ஜோதிகாவை அழைத்து வந்தாள். ஜோதிகா எம்.எஸ்சி. முடித்து அந்த வருடம்தான் வேலைக்கு வந்திருந்தாள். கட்டிலருகே நிமிர்ந்து நின்றாள்.

"பெரியவரே, நான் டீச்சர். எனக்கு ரெண்டு டிகிரி இருக்கு."

போர்வை விலகியது. முனியசாமி எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டா!"

"ஆமா. ரெண்டு."

"எனக்கு ஒண்ணு போதும்மா. இன்னொண்ண இந்தப் புள்ளைக்குக் குடு. பாவம், காலையிலருந்து நிக்கிது."

வார்டில் யாரோ சிரித்தார்கள். ஜோதிகாவின் முகம் சிவந்தது. "அம்ரீன், பேஷண்ட்ட என்ன சொல்லி வச்சிருக்க நீ? வேற பேஷண்ட மாத்தியெல்லாம் தர முடியாது. இவரயே பாரு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். முனியசாமி அவள் போன வழியையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தேர்வாளர் சண்முகவள்ளி உள்ளே வந்தார். அவர் யாரையும் திட்டியதாக வரலாறு இல்லை. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், அவ்வளவுதான். அதற்கே பலருக்குக் கையிலிருந்த இடுக்கி விழும்.

"பேஷண்ட்டோட ப்ராப்ளம் என்ன?"

அம்ரீனின் முகம் வெளுக்கத் தொடங்கியது. நெற்றி வியர்த்தது. அவளை முந்திக்கொண்டு நோயாளி பேசினார்.

"ஒங்ககிட்டயாவது டிகிரி இருக்காம்மா?"

சண்முகவள்ளி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "நான் பி.எச்டி."

"அதெல்லாம் நமக்குத் தெரியாதும்மா. சாதாரண டிகிரி இருந்தாச் சொல்லுங்க."

சொட்டு மருந்து சொட்டுவதுகூட நின்றுவிட்டதாக வீரலட்சுமி இன்றும் சாதிப்பாள். சண்முகவள்ளி பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா எங்கே போகிறது என்று அம்ரீனுக்குத் தெரிந்தது. இரண்டு முறை பார்த்திருக்கிறாள். வாப்பாவின் குரல் காதில் கேட்டது. படிச்சது போதும்.

என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. வாய் திறந்தது, இந்த முறை சத்தமும் வந்தது.

"அய்யா, எனக்கு டிகிரி இல்ல! ரெண்டு தடவ ஃபெயில்! இண்டைக்கும் போனா வாப்பா வந்து கூட்டிட்டுப் போயிருவாக. எனக்கென்ன, வீட்டுல சோறு கெடைக்கும். ஒங்க காலு? புண்ணு சர்டிபிகேட் பாத்தா ஆறும்? சுத்திச் செவந்திருக்கு, சுடுது, வாட அடிக்குது, சீழ் வச்சிருக்கு. இதுக்கு மேல பரவுச்சுண்டா வெரல எடுக்கணும், அதுக்கு மேல போனா காலையே எடுக்கணும். டிகிரிக்காரி வந்து கட்டுனாலும் டிப்ளமோக்காரி வந்து கட்டுனாலும் கையச் சுத்தமாக் கழுவிட்டுத்தான் கட்டணும். எங்க வார்டுலயே நல்லாக் கட்டுறவ வீரலட்சுமி. அவ டிப்ளமோ. அவளப் போய் வேணாம்ண்டு அனுப்புனீங்களே, ஒங்களுக்கு நல்லா இருக்கா?"

அது முடிந்ததும் அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பாதத்தில் நாடி எங்கே பார்ப்பது, உணர்ச்சியை எப்படிச் சோதிப்பது, சர்க்கரைக்காரரின் புண் ஏன் வலிக்காமல் வளரும், எந்த அறிகுறி வந்தால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்றதெல்லாம் பாதி ஆங்கிலத்திலும் பாதி கீழக்கரைத் தமிழிலும் வந்து விழுந்தது. சண்முகவள்ளியின் பேனா அசையவில்லை.

முனியசாமி மெதுவாகக் காலை வெளியே நீட்டினார்.

"கோவப்படாத தாயி. இல்லேன்னா இல்லேன்னு சொல்ல வேண்டியதுதான?"

அம்ரீன் திரும்பி, "வீரா, தட்டைப் புடி," என்றாள். வார்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீரலட்சுமி, பேசாமல் இருந்ததையெல்லாம் மறந்து ஓடி வந்தாள். இருவருமாகக் கட்டை மாற்றினார்கள். ஒருவர் கை நீளும் முன் மற்றவர் கையில் பஞ்சு இருந்தது. கடைசியில் அம்ரீன் வெப்பமானியை எடுத்துப் பார்த்தாள்.

"நூத்தியோரு டிகிரி. இந்தா, இவ்வளவு நேரம் கேட்டீங்கல்ல. ஒங்ககிட்டயே இருக்கு."

வார்டே சிரித்தது. முனியசாமி மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு கேள்வி," என்றார் சண்முகவள்ளி. "உதவிக்கு எதுக்கு டிப்ளமோ ஸ்டூடன்டக் கூப்பிட்ட?"

"அவ கையப் பத்தி எனக்குத் தெரியும் மேடம்."

பேனா நகர்ந்தது. எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எழுதி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

முனியசாமி வீடு திரும்பிய நாளில் அம்ரீன் அவரிடம் சொன்னாள்: "டிகிரி கைக்கு வந்ததும் மொதல்ல ஒங்கள்ட்டத்தான்யா கொண்டாருவேன்."

"வீட்டுக்கேவா?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து அவளுக்கும் கலங்கியது.

இந்தச் சம்பவத்தைக் கல்லூரி முதல்வர் இமானுவேல் சும்மா விடவில்லை. கிராமத்து மக்களின் கல்வி விழிப்புணர்வு என்று அரைநாள் கருத்தரங்கு நடத்தினார். பிறகு முனியசாமியின் படத்தைப் பெரிதாகப் போட்டு, "டிகிரி இருக்கா? நோயாளிகளே கேட்கிறார்கள்! பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை நடைபெறுகிறது" என்று வாசலில் ஒரு பேனர் கட்டினார். எதிர்க்கடை காஜா நவாஸ் என்ன நினைத்தாரோ, தன் செலவில் அந்தப் பேனருக்கு இரண்டு விளக்குகள் போட்டுக் கொடுத்தார். படிப்பின் மேல் அவருக்கு இவ்வளவு பற்று இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

எல்லோருக்கும் நல்லபடியாகவே முடிந்தது. அம்ரீன் தேர்ச்சி பெற்று, அதே மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது அவள் பேசுவதை நிறுத்தத்தான் ஆள் தேவைப்படுகிறது. வாப்பா தமாமில் அறைக்காரர்கள் அத்தனை பேருக்கும் பிரியாணி போட்டார். வீரலட்சுமி டிப்ளமோவில் முதலாவதாக வந்தாள். அந்தப் பேனரைத் தினமும் பார்த்துப் பார்த்து எரிச்சல் பற்றிக்கொண்டு வந்து, அந்தக் கோபத்திலேயே மேற்கொண்டு இரண்டு வருட டிகிரிப் படிப்பில் சேர்ந்தாள். சாப்பாட்டு மேசைகள் மறுபடி ஒன்றாயின. கலைச்செல்வி நரம்பைக் கண்டுபிடித்துவிட்டாள். முனியசாமியின் கால் முழுதாக ஆறிவிட்டது.

பட்டம் கைக்கு வந்த வாரத்தில் அம்ரீனும் வீரலட்சுமியும் திருவாடானைக்குப் பேருந்து ஏறினார்கள். முனியசாமி வீட்டு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வீட்டுக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கொண்டாந்துட்டியா?"

"கொண்டாந்துட்டேன்யா."

பைக்குள் கைவிட்டு, கண்ணாடித்தாள் ஒட்டிய சான்றிதழை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

முனியசாமி அதை முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். பிறகு அவள் பைக்குள் எட்டிப் பார்த்தார். வேறொன்றும் இல்லை என்று தெரிந்ததும், சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கயிற்றை எடுத்தார்.

உள்ளேயிருந்து வந்த நாகலெட்சுமி சான்றிதழைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அங்கன ஜன்னல் வழியா எதுத்த கடைப் பலகையவே பாத்துக் கெடந்தப்பவே நெனச்சேன்த்தா. சக்கரைன்னு டாக்டரு நிறுத்தச் சொன்னதுலருந்து, எங்காதுல விழுந்துறப்பிடாதுன்னு இந்த மனுசன் டிகிரி காப்பிய வெறும் டிகிரின்னுல்ல சொல்லுவாரு!"