திண்டுக்கல் பூட்டும் ராஜத்தின் இடுக்கியும்

பூட்டை இழுத்துப் பார்ப்பவனை நம்பலாம்; அதில் தொங்கிப் பார்ப்பவனை நம்பவே கூடாது. நான் தொங்குகிற கட்சி.

எழுபதுகளின் கடைசியில் கல்கத்தாவில், டாக்குரியாவில் குடியிருந்தோம். என் மனைவி ராஜத்தின் தங்கைக்கு மெட்ராஸில் கல்யாணம். ஒரு மாதம் வீட்டில் ஆள் இருக்காது. வீட்டை அதற்கு அவள் தயார் செய்த அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். அரிசியில் காய்ந்த வேப்பிலை, கவிழ்த்த குடங்கள், சுருட்டிய மெத்தைக்குள் அந்துருண்டை. மிச்சத் தயிர் எதிர்வீட்டு பௌதிக்கு. (பௌதி என்றால் வங்காளியில் அண்ணி. அந்தத் தெருவுக்கே அவர் அண்ணி.)

என் பங்கு பூட்டு மட்டும். ஊரிலிருந்து சுமந்து வந்த திண்டுக்கல் பூட்டு. "இதைத் திறக்க வங்காளத்துல இன்னும் ஒருத்தன் பொறக்கலை, பௌதி!" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில் பீற்றிக்கொண்டேன். மாற்றுச் சாவியைக் கூட அவரிடம் கொடுக்கவில்லை. இரண்டும் என் பையில்.

சாயங்காலம் மெட்ராஸ் மெயில். அதை விட்டால் சீசனில் வேறு டிக்கெட் கிடைக்காது, ராஜம் தங்கை கல்யாணத்தைப் பார்க்க முடியாது. மூட்டைகளோடு ஒரு டாக்சியில் நான். குழந்தைகளோடு இன்னொன்றில் மச்சினன் சுந்து. கதவைப் பூட்டி, தொங்கிப் பார்த்து, மார்தட்டிக்கொண்டு கிளம்பினேன். ஸ்டேஷன் கங்கைக்கு அக்கரையில். ஹௌரா பாலத்தில் வழக்கம்போல வண்டிகள் நகரவில்லை. நல்லவேளை, நேரத்தோடு கிளம்பியிருந்தோம்.

ஸ்டேஷன் வாசலில் சுந்து கேட்டான். "அத்திம்பேர், அக்கா எங்கே?"

"உன் வண்டியிலதானேடா வந்தா?"

"ஐயோ, உங்க வண்டியிலன்னா நெனச்சேன்!"

பையில் இரண்டு சாவியும் கிலுகிலுத்தன. சின்னவள் அழ ஆரம்பித்தாள். நானும் சேர்ந்துகொள்ள இருந்தேன். திரும்பிப் போனால் ரயில் போச்சு. போகாவிட்டால் பெண்டாட்டி ஒரு மாதம் உள்ளே. சுந்துவையும் குழந்தைகளையுமாவது ரயிலேற்றிவிட்டுத் திரும்பலாம் என்று மூட்டைகளை இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடினோம்.

"ஏன்னா, பெட்டியெல்லாம் எண்ணினேளா? பொண்டாட்டியையும் ஒரு தடவை எண்ணியிருக்கப்படாதோ?"

எங்கள் ரயில் பெட்டிக்கு எதிரே பெஞ்சில், கலைந்த தலையோடு ராஜம்! கையில் சமையலறை இடுக்கி.

சாயங்காலப் புயல்மழை வருமே என்று குளியலறை ஜன்னலைச் சாத்தப் போயிருக்கிறாள். வந்து பார்த்தால் கதவு பூட்டு. அழவில்லை, கத்திக் கூப்பாடு போடவில்லை. பூட்டு திண்டுக்கல்தான், ஆனால் நாதாங்கியின் நட்டுகள் உள்பக்கம்தானே! இடுக்கியால் திருகிக் கழற்றிவிட்டாள். சத்தம் கேட்டு வந்த பௌதி, "பாலம் வேண்டாம், படகில் போ!" என்று டாக்சியில் படித்துறைக்கே கூட்டிவந்து படகில் ஏற்றிவிட்டார். பாலத்தில் நான் வியர்த்துக்கொண்டிருந்தபோது, கீழே என் பெண்டாட்டி காற்று வாங்கிக்கொண்டு கங்கையைக் கடந்திருக்கிறாள். எனக்கு இதெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது.

"வீடு திறந்து கெடக்கேடி!" என்றேன்.

"பௌதி பாத்துப்பா. சாவிதான் குடுக்கலையே, வீட்டையே குடுத்துட்டு வந்தேன்."

மாதம் முழுக்க பௌதியின் கணவர் எங்கள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாராம். திரும்பி வந்தபோது ஒரு ஸ்பூன் கூடக் குறையவில்லை. துளசிக்குத் தண்ணீர் கூட ஊற்றியிருந்தார்கள். கழன்ற நாதாங்கியில் திண்டுக்கல் பூட்டு மட்டும் திறக்காமல் தொங்கியது.

இன்றைக்கும் நான் பூட்டை எடுத்தால் வீடே ஒரே குரலில் கேட்கும்: "அம்மா வெளில வந்தாச்சா?" வந்தாச்சு என்று ராஜமே கைதூக்கிச் சொன்ன பிறகுதான் பூட்ட அனுமதி. அப்படியும் அவள் பயணப் பையில் முதலில் வைப்பது அந்த இடுக்கியைத்தான்.