லினக்ஸ் போட்ட குடும்பத்தலைவன்

வீட்டில் எனக்கென்று ஓர் இலாகா வேண்டும் என்று முடிவு செய்தேன். நிதி, உணவு, உள்துறை, வெளியுறவு எல்லாம் கல்யாணமான கையோடு மனைவியிடம் போய்விட்டன. மிச்சம் இருந்தது தகவல் தொழில்நுட்பம் ஒன்றுதான்.

வாய்ப்பு தானாக வந்தது. மெஷின்களோடு வரும் கையேடுகளை வீட்டிலிருந்தபடியே தமிழில் மொழிபெயர்த்துக் கொடுப்பது அவள் வேலை. அவளுடைய பழைய கம்ப்யூட்டர் ஒரு காலையில் கண்ணை மூடியது. வாஷிங் மெஷின் கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

"புதுசு எதுக்கு? பழைய லேப்டாப் ஒண்ணு வாங்கி, இலவசமா கெடைக்கற லினக்ஸ் போட்டுடலாம். பாதி விலையில முடிஞ்சிடும்" என்றேன்.

"அதுல என்ன இருக்கும்?"

"எல்லாம் இருக்கும். விண்டோஸ் மட்டும் இருக்காது."

"ஜன்னல் இல்லாம காத்து எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தாள்.

என் உள்திட்டத்தை நான் சொல்லவில்லை. லினக்ஸில் எதைச் சேர்ப்பதானாலும் நிர்வாகியின் பாஸ்வேர்டு கேட்கும். அது என்னிடம் மட்டும் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அவள் "ஏங்க, கொஞ்சம் வர்றீங்களா?" என்று கூப்பிட வேண்டும். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மெதுவாக எழுந்து வருவேன். அந்த மெதுவை நினைத்தாலே இனித்தது.

ஆபீஸில் லினக்ஸ் பக்தர் ஒருவர் உண்டு. லினக்ஸின் சின்னமான பெங்குவினைப் பை முழுக்க ஒட்டிக்கொண்டு வருவார். நாங்கள் அவரையே பெங்குவின் என்போம். அவர் விவரமாகச் சொன்னார். ஆபீஸ்களில் உழைத்துத் திரும்பிய மாடலாகப் பார்க்க வேண்டும். எட்டு ஜிபி ரேம், எஸ்எஸ்டி இரண்டும் இருக்க வேண்டும். முக்கியமாக, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைக் கடைக்கே எடுத்துப் போய், அதிலிருந்து ஓடவிட்டு, வைஃபை, சத்தம், கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும். பென் டிரைவையும் அவரே கொடுத்தார்.

கடையில் லேப்டாப்புகள் சாப்பாட்டுத் தட்டுகள் மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மனைவி ஒவ்வொன்றாகத் திறந்து, மூடி, எல்லா எழுத்தையும் அழுத்திப் பார்த்து ஒன்றை எடுத்தாள். பென் டிரைவைப் போட்டுப் பார்த்துவிடலாமே என்று என் காதில் சொன்னாள். ஆனால் கடைக்காரர் அப்போதுதான் என்னிடம், "உங்களுக்குத் தெரியாததா சார்?" என்று சொல்லியிருந்தார். தெரிந்தவன் சோதித்துப் பார்ப்பானா? அப்படியே வாங்கி வந்தேன்.

வீட்டில் லினக்ஸ் வழுக்கிக்கொண்டு ஏறியது. பாஸ்வேர்டு கேட்ட நேரம் பார்த்து எனக்குத் தாகம் எடுத்தது. அவள் தண்ணீர் கொண்டுவருவதற்குள், இங்கிலீஷ் எழுத்தில் 'குடும்பத்தலைவன்' என்று அடித்து முடித்தேன். பிறகு பார்த்தால் எல்லாம் வேலை செய்தது, வைஃபை தவிர.

"காத்து வரலையா?" என்றாள்.

"கர்னல் பழசா இருக்கும்."

"ரிட்டயர் ஆயிட்டாரா?"

கர்னல் என்பது பட்டாளத்து ஆள் அல்ல, லினக்ஸின் உட்கரு என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். அடுத்த இரண்டு சாயங்காலமும் கறுப்புத் திரையில் கட்டளையாக அடித்துத் தள்ளினேன். வைஃபை வரவில்லை. இருந்த சத்தமும் போயிற்று.

வியாழன் காலை அவள் வந்து பக்கத்தில் நின்றாள். "அந்தப் பாஸ்வேர்டைக் குடுங்களேன். நானும் ஒரு தடவை பாக்கறேன்."

"அதெல்லாம் நிர்வாகியோட பொறுப்பு. சாயங்காலம் வந்து நானே பாத்துக்கறேன்."

"சரி" என்றாள்.

அவள் வாதாடாமல் சொன்ன எந்தச் 'சரி'யும் இதுவரை எனக்குச் சரியாக முடிந்ததில்லை. அதை அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டேன்.

ஆபீஸில் போனை எதிரிலேயே வைத்துக்கொண்டேன். சாப்பிடப் போனபோதும் கையில் பிடித்துக்கொண்டே போனேன். ஒரே ஒரு தடவை அடித்தது. ராங் நம்பர். அவரிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியபோது லேப்டாப்பில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையேடு மத்தியானமே போய்விட்டதாம். அடுத்ததாக மிக்ஸி கையேடும் வந்துவிட்டதாம். வைஃபை எப்படி வந்தது என்று கேட்டேன். போனைக் கேபிளில் மாட்டி அதன் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுத்தாளாம். வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளில் எது குறைகிறது என்று அதுவே கண்டுபிடித்து இறக்கிக்கொண்டதாம்.

"பாஸ்வேர்டு இல்லாம எப்படி இறங்கும்?"

"பென் டிரைவ் மேஜை மேலதானே கெடந்துச்சு? உங்களுதை முழுசா அழிச்சிட்டு முதல்லேருந்து போட்டேன். யாரு போடறாங்களோ அவங்கதான் நிர்வாகியாம்."

நான் நம்பவில்லை. லேப்டாப்பை இழுத்து 'குடும்பத்தலைவன்' என்று அடித்தேன். தவறு என்றது. ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக மறுபடி அடித்தேன். அப்போதும் தவறு என்றது.

இரக்கப்பட்டு எனக்கும் தனியாக ஒரு கணக்கு திறந்து வைத்திருந்தாள். அது என்ன வகைக் கணக்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. உள்ளே போனேன். திரை முழுக்க நல்ல தமிழ். மனதைத் தேற்றிக்கொள்ளச் சீட்டாட்டம் ஒன்றை இறக்கலாம் என்று பொத்தானை அழுத்தினேன். சின்னப் பெட்டி ஒன்று எழுந்து நின்றது.

'இதைச் செய்ய வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரின் அனுமதி தேவை.'