வானத்தைப் பார்த்துக் காற்றுக்கு மார்க் போடுகிறவர்

காற்றைக் கண்ணால் பார்த்தே தரம் சொல்லிவிடும் ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் இருப்பார். மொட்டைமாடியில் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நிற்பார். காலையில் லாரிப் புகை தெரிந்தால் ஜன்னலை அறைந்து சாத்துவார், மூக்கில் துண்டைக் கட்டுவார், பால்காரரையும் கட்டச் சொல்லி உயிரை எடுப்பார். மத்தியானம் வெயில் சுள்ளென்று அடித்து, வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக நின்றால், இருக்கிற கதவையெல்லாம் திறந்துபோட்டு, "மூச்சை இழு, நல்லா இழு" என்பார். யாரைக் கேட்டார்? யாரையும் கேட்கமாட்டார்.

என் தங்கை புருஷன் இந்த இனத்துக்கே தலைவர். அவர் மகள் பள்ளி ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். பயிற்சிக்கு மாப்பிள்ளை குறித்த நேரம் உச்சிவெயில். அப்போதுதான் புகை இல்லையாம். பெண் இரண்டு சுற்று ஓடுவாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். மேகமூட்டமான ஒருநாள் மட்டும் உட்காராமல் ஓடினாள். "இன்னிக்கு வானம் சரியில்ல, வா போகலாம்" என்று பாதியில் கூட்டிவந்துவிட்டார்.

ஒரு மத்தியானம் அவளுக்கு மூச்சு விசிலடித்தது. டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

"வண்டிப் புகை வெயில்ல வெந்து ஓசோனா மாறுது. கண்ணுக்குத் தெரியாது. வெயில்ல ஓடவிடாதீங்க."

மாப்பிள்ளை விடுவாரா? "ஓசோன் நல்லதுதானே டாக்டர்? ஓட்டை விழுந்திருச்சுன்னு அழுதாங்களே."

"அது ரொம்ப உயரத்துல இருக்கிறது. அங்க இருந்தா குடை. மூச்சுக்குள்ள போனா புண்ணு."

"அப்ப கீழ இறங்கிருச்சா?"

"இறங்கல. நாம விட்ட புகையில இங்கயே சமைஞ்சதுன்னு சொல்றாங்கல்ல?" என்றாள் தங்கை. "நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க, அவ மூச்சு விடட்டும்."

பெண்ணைக் காலையில், லாரிகள் கிளம்புமுன் ஓடவிட்டோம், தேறினாள். ஆனால் பந்தயத்தை மத்தியானத்துக்கு வைத்திருந்தார்கள். முந்தின நாளே மாப்பிள்ளை என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். விளையாட்டு வாத்தியார் மைதானத்தில் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நின்றார்.

"வானம் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க சார். பயமே வேணாம்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மேல என்ன சார் இருக்கு?" என்றார் கடைசியில். "கீழ என் பொண்ணு மூச்சைக் கேளுங்க."

மணிக்கணக்கில் மல்லுக்கட்டி, பந்தயத்தைக் காலைக்கு மாற்றிவிட்டுத்தான் வந்தார். பெண் மூன்றாவதாக வந்தாள். வந்து நின்று, ஒழுங்காக மூச்சுவிட்டாள்.

சிரிக்கிறீர்களா? "வெளிய நல்ல காத்து, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காத, போய் விளையாடு" என்று ஒரு மத்தியானம் பிள்ளையை விரட்டினீர்களே, அப்போது வானத்தைப் பார்த்தீர்கள். பிள்ளையைப் பார்த்தீர்களா?