நான் காக்கை என்று சொன்ன ஆந்தை

பிள்ளைகளே, நம் வீட்டில் ரேஷன் கார்டு இருக்கிறது. பாடாத ரேடியோவுக்கு லைசென்சு இருக்கிறது. உங்கள் மூன்று பேருக்கும் ஜாதகம் மட்டும் கிடையாது. போன வாரம் பெரியவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் "ஜாதகம் இருக்கிறதா?" என்று கேட்டதும், உங்கள் அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். வந்தவர்கள் அவள் அழுவதாக நினைத்துக்கொண்டார்கள். அழவில்லை. சிரித்தாள். இருபது வருஷத்துக்கு மேலாக அவள் அந்தச் சிரிப்பைத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஏன் என்று இனி நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

ஜோசியம் தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. முழுக்கத் தெரிந்தவனாலும் இல்லை. எட்டாவது வரை படித்துவிட்டு மூர் மார்க்கெட்டில் பழைய ஜோசியப் புத்தகம் வாங்கினவன் இருக்கிறானே, அவன் வருகிற தெருவில் நிற்கக் கூடாது.

அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை. திருவொற்றியூரிலிருந்து தொழிற்சாலையின் காலைச் சங்குக்கு எழுந்து ஓடுவேன். மூட்டை வராத நேரத்தில் அந்தப் புத்தகத்தைப் படிப்பேன். கூலி ஆட்கள் என்னிடம் கை நீட்டுவார்கள். நானும் சனி, ராகு என்று ஏதாவது எடுத்துவிடுவேன். நல்லது நடந்தால் என் வாக்கு. கெட்டது நடந்தால் அவன் கர்மம். இப்படியே எனக்கு 'ஜோசியர்' என்று பெயர் வந்துவிட்டது. (மீசை கூடச் சரியாக வரவில்லை. பட்டம் வந்துவிட்டது.)

அந்த நாளில் ராயபுரத்தில் ஸ்டீம் ஏகாம்பரம் என்றால் டீக்கடையில் எழுந்து இடம் கொடுப்பார்கள். ஆமாம், உங்கள் மாமாவேதான். இப்போது படியேறினால் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாரே, அவர்தான். ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. மாலையில் பாக்சிங். குத்துவதற்கு முன்னால் மூக்கால் 'புஸ்' என்று ஒரு சத்தம் விடுவார். அதைக் கேட்டவுடன் பாதிப் பேர் பின்னால் போய்விடுவார்கள். மீதிப் பேரைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். பெயர் குப்பு. (நீங்கள் அம்மா என்று கூப்பிடுகிறீர்கள்.) அவளை மீன் மார்க்கெட்டில் நான்கைந்து தடவை பார்த்திருந்தேன். ஒரு தடவை அவள் என்னைப் பார்த்தாள். அதற்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா இல்லாத வீடு. அண்ணன் வைத்ததுதான் சட்டம். கிடங்கில் ஒருவரைத் தூது அனுப்பினேன். பதில் வந்தது: "ஜோசியம் தெரிஞ்ச ஆளாமே? வரச் சொல்லு. மொதல்ல என் ஜாதகத்த சொல்லட்டும், அப்பால பொண்ணப் பத்திப் பேசலாம்."

நான் போனபோது அவர் ஒரு மரப்பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அவித்த முட்டைகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே அம்மியில் மசாலா அரைபடும் சத்தம். அரைப்பது யார் என்று எனக்குத் தெரியும். என் காது இரண்டும் அங்கேதான் இருந்தன.

"அம்மா, இவர் பிறந்த தேதி, நேரம் சொல்லுங்கள்" என்றேன், பெரிய பண்டிதன் போல.

"தேதியெல்லாம் யாரு கண்டா நைனா? திருவொத்தியூர்ல மாசி மகம் முடிஞ்சி ஆறா நாளு. சங்கு ஊதிக்கினு கீது, இவனும் வெளிய வந்து கத்திக்கினு கீறான். எது சங்கு, எது புள்ளன்னு மருத்துவச்சிக்கே தெரியல."

சங்கு. காலைச் சங்கு. என் உலகத்தில் வேறு சங்கே கிடையாது. அதற்குத்தானே தினமும் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன்! வயதைக் கேட்டு வருஷத்தைப் பிடித்தேன். பழைய பஞ்சாங்கம் ஒன்றை இரவல் வாங்கிக் கட்டம் போட்டேன். அவர் பிறந்த அன்று காலையில் விசாகம். நடுப்பகலுக்கு மேல் அனுஷம். காலைச் சங்கு என்பதால் விசாகம் என்று முடிவு கட்டினேன். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பலன் சொன்னேன்.

"அண்ணே, உங்களுக்குச் செவ்வாய் பலம். கை ஓங்கினால் எதிரி படுப்பான்."

"அது ஊருக்கே தெரியுமே. புச்சா சொல்லு."

"மூன்றாம் இடம் இளைய சகோதரி ஸ்தானம். அவங்களுக்கு நல்ல இடம் அமையும். மாப்பிள்ளை வடக்குத் திசை. மூட்டை, கிடங்கு, இந்த மாதிரி உத்தியோகம்."

உள்ளே அம்மி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

"திருவொத்தியூரு இங்கேருந்து வடக்குதானே?" என்றார் ஏகாம்பரம் மாமா, ஏழாவது முட்டையை உரித்துக்கொண்டே. "பரவால்ல. கிரகத்துக்கு வெவரம் பத்தல, நீதான் எடுத்துக் குடுக்கறே. எனக்கு கல்யாணம் எப்போ?"

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். "ஏழாம் இடம் கொஞ்சம் சிக்கல் அண்ணே. இரண்டு தாரம்."

வாசலில் கூடை ஒன்று தொப்பென்று விழுந்தது. காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிற அன்னம் நின்றுகொண்டிருந்தாள். மாமாவுக்கும் அவளுக்கும் பேச்சு என்பது ஊரறிந்த விஷயம். எத்தனை பெரிய குத்துக்கும் அசையாத மனிதர் அவள் குரல் கேட்டால் பீப்பாயைவிட்டு இறங்கி நிற்பார். நின்றார்.

"மொத தாரம் நானு. ரெண்டாவது யாருன்னு அந்த கிரகத்தையே கேட்டு சொல்லு ஜோசியரே. நான் போய் பாத்துட்டு வர்றேன்" என்றாள், என்னை வஞ்சிரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்து. எங்கிருந்து வெட்டலாம் என்று.

பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. அதனால்தான் பஞ்சபட்சியை அவிழ்த்துவிட்டேன். அது இதுதான்: வல்லூறு, ஆந்தை, காக்கை, கோழி, மயில் என்று ஐந்து பறவைகள். நட்சத்திரத்தையும் பிறையையும் வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு பறவை. அது ஒரு பொழுதில் உண்ணும், ஒரு பொழுதில் நடக்கும், அரசாளும், தூங்கும், சாகும். நம் பறவை அரசாளும்போது சண்டைக்குப் போனால் ஜெயம். தூங்கும்போது போனால் உதை.

"தேய்பிறை விசாகம். உங்கள் பறவை காக்கை அண்ணே."

மாமாவின் முகம் மலர்ந்தது. மறு வாரம் அவருக்குப் பெரிய சண்டை ஒன்று இருந்தது. எதிரி பீப்பா பெருமாள். பெயருக்கேற்ற உருவம், அதுவும் நிரம்பின பீப்பாய். "இந்த சண்ட நீ சொல்ற மாரி ஆட்றேன். கெலிச்சா குப்பு ஒனக்கு. தோத்தா..." என்று ஒரு முட்டையை உள்ளங்கையில் வைத்து மூடினார். திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் கணக்குப் போட்டேன். சண்டை ஆரம்பிக்கும்போது காக்கை துயில். மூன்றாவது ரவுண்டு வாக்கில் அரசு. ஆகவே ஏற்பாடு இதுதான்: நான் சிவப்புத் துண்டை ஆட்டும்வரை அவர் ஓர் அடிகூட அடிக்கக் கூடாது. ஆட்டியதும் இடி விழ வேண்டும்.

சண்டையன்று பொழுது சாய்ந்த பிறகு ஆரம்பித்தார்கள். மூங்கில் தட்டி கட்டிய மைதானம், பெட்ரோமாக்ஸ் விளக்குகள், வேர்க்கடலை, பீடிப் புகை. கிடங்கு மேலதிகாரியின் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, தோளில் சிவப்புத் துண்டோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். புது மாப்பிள்ளை மாதிரி இருந்ததாக எனக்கு ஒரு நினைப்பு. (ஆடு கூட மஞ்சள் தண்ணீர் தெளிக்கும்போது அப்படித்தான் நினைத்துக்கொள்ளும்.)

மணி அடித்தார்கள். ஸ்டீம் ஏகாம்பரம் ஓடினார். முன்னால் அல்ல, சுற்றி. பீப்பா பெருமாள் ஒரு பக்கம் வந்தால் இவர் மறு பக்கம். 'புஸ்' சத்தமே இல்லை. முதல் ரவுண்டு முழுக்க இரண்டு பேரும் கோயில் பிரகாரம் சுற்றுவதுபோலச் சுற்றினார்கள்.

"இன்னாபா ஸ்டீமு, கரி தீந்துபோச்சா?" என்று ஒருவன் கத்தினான்.

"எஞ்சினு ரிவர்சுல போவுதுடோய்!" என்றான் இன்னொருவன்.

மூலையில் நின்ற அவருடைய வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், அட்றா! இன்னா கோலாட்டமா ஆட்றே?"

மாமா ஓடிக்கொண்டே திரும்பிச் சொன்ன பதில் மைதானம் முழுக்கக் கேட்டது: "இரு வாத்யாரே, காக்கா தூங்குது!"

 வேர்க்கடலை மெல்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. வாத்தியார் மேலே அண்ணாந்து பார்த்தார். பீப்பா பெருமாளும் பார்த்தான். அந்த நிமிஷத்தில் மாமா அடித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அடிக்கவில்லை. வாக்கு கொடுத்துவிட்டார் அல்லவா?

இரண்டாவது ரவுண்டும் அதே கதை. கூட்டம் வேர்க்கடலைத் தோலை வீச ஆரம்பித்தது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ரவுண்டில் முள் நான் குறித்த இடத்துக்கு வந்தது. காக்கைக்கு அரசு! நாற்காலிமேல் ஏறி நின்று, "அண்ணே! இப்போ! இப்போ!" என்று கத்திக்கொண்டே துண்டைச் சுழற்றினேன்.

நான் ஒன்றை யோசிக்கவில்லை. துண்டு ஆடுவதைப் பார்க்க வேண்டுமானால் அவர் திரும்பித்தானே பார்க்க வேண்டும்?

திரும்பிப் பார்த்தார். சந்தோஷத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. மூக்கால் 'புஸ்' என்று தொடங்கினார். அந்த 'பு'வுக்கும் 'ஸ்'ஸுக்கும் நடுவில் பீப்பா பெருமாளின் வலது கை வந்தது.

ஸ்டீம் ஏகாம்பரம் சாய்ந்ததை ராயபுரம் அதுவரை பார்த்ததில்லை. பத்து எண்ணி முடித்த பிறகும் கூட்டம் நம்பாமல் நின்றது. அதற்குள் யாரோ சொல்லிவிட்டான்: "அந்த செவப்புத் துண்டுக்காரன்டா!" நான் துண்டை எறிந்துவிட்டு மூங்கில் தட்டிக்கு அடியில் புகுந்து ஓடினேன். சட்டையின் முதுகுப் பக்கம் தட்டியோடு தங்கிவிட்டது.

இரண்டு நாள் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவில் நானும் ஒரு மூட்டையாக இருந்தேன். மூன்றாம் நாள் வாசலில் ஒரு குரல். ஏலக் குரல். "ஜோசியரே! மரியாதயா நீயா வர்றியா, கூடைல போட்டு எத்துகினு போவட்டா?"

போனேன். மாமாவின் இடது கண் கத்தரிக்காய் நிறத்தில் மூடிக் கிடந்தது. தாடை வீங்கியிருந்தது. திறந்திருந்த கண்ணில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே அம்மி ஓடவில்லை.

அவருடைய அம்மா ஒத்தடத் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "காக்கா, காக்கான்றியே, எத்த வெச்சி சொன்னே நைனா?"

"நீங்கள்தானே அம்மா சொன்னீர்கள், காலைச் சங்கு ஊதும்போது பிறந்தார் என்று."

"காலச் சங்கா? நான் எப்போ சொன்னேன் அப்டி? வெளக்கு வெக்கச் சொல்ல ஊதுமே, அந்த சங்கு! இவங்க நைனா ஒர்க்சாப்பு வுட்டு வரசொல்ல புள்ள பொறந்துகீது!"

 மாலை என்றால் அனுஷம். தேய்பிறை அனுஷத்துக்கு...

"சொல்லு" என்றார் மாமா, அசையாத தாடையால். "இப்ப நான் இன்னா பட்சி?"

"ஆந்தை அண்ணே."

"அன்னிக்கு நீ என்ன ஓட வுட்டியே, ரெண்டு ரவுண்டு. அப்போ ஆந்த இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?"

பிள்ளைகளே, 'அப்போதும் தூக்கம்தான் அண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். எனக்கு அது தோன்றவே இல்லை. விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு சொன்னேன்.

"அரசு அண்ணே."

"நீ துண்ட ஆட்டச் சொல்ல, அப்போ?"

"சாவு அண்ணே."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் யாருக்கோ புரையேறிவிட்டது என்று நினைத்தேன். குப்பு சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து சிரித்தாள். அதைப் பார்த்து அன்னம் சிரித்தாள். அவர்களுடைய அம்மா ஒத்தடத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் மாமாவும் சிரித்தார். ஒவ்வொரு சிரிப்புக்கும் "அய்யோ தாட, அய்யோ தாட" என்றார்.

"அண்ணா," என்றாள் குப்பு மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒத வாங்கப் போறோம்னு தெரிஞ்சும் பொய் சொல்லத் தெர்ல பாரு இந்த ஆளுக்கு!"

மாமா என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "ஆமாமே. இவன் ஒன்ன ஏமாத்தணும்னாலும் இவனுக்கு வராது" என்றார். "ஆனா ஒண்ணு. இனிமே எவன் ஜாதகத்தயாவது தொட்டேன்னு கேள்விப்பட்டேன்..."

"தொட மாட்டேன் அண்ணே."

"இரு" என்றாள் அன்னம். "வுட்றதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வுடு. சாயங்காலச் சங்குக்கு எத்தினி தாரம்?"

கட்டத்தை மனத்துக்குள் திருப்பிப் போட்டேன். "ஒன்றுதான். அவங்க பேச்சைத் தட்ட முடியாது என்றும் இருக்கிறது."

"இதான் ஜாதகம்" என்றாள் உங்கள் மாமி. நான் சொன்னதில் பலித்தது அது ஒன்றுதான்.

இப்போது உங்களுக்குப் புரியும், வீட்டில் ஏதாவது விசேஷம் என்று நான் கொஞ்சம் அவசரப்பட்டால் மாமா ஏன் "இரு மாப்ள, காக்கா முழிக்கட்டும்" என்கிறார் என்று. எங்கள் கல்யாணத்தில் அவர் என் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டார். "இனிமே சங்க நம்பாதே" என்றார்.

அப்புறம் பெரியவளே, நீ பிறந்தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அழுகை கேட்டது. அதே சமயம் சங்கும் ஊதியது. எந்தச் சங்கு என்று சொல்ல மாட்டேன். நர்சம்மா தலையை நீட்டி, "பொண்ணு. நேரத்தைக் குறிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கினேன். விரல் பழைய ஞாபகத்தில் கணக்குப் போட மடங்கியது. வராந்தாவில் வேறு யாரும் இல்லை. கடிகாரத்தின் திருகை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, முள்ளை நன்றாகச் சுற்றிவிட்டேன்.